ஆங்கிலம் இன்னும் எத்தனை காலம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், ரயிலில் எதிர் இருக்கைக்காரரிடம் தொழிலைச் சொன்னாலும், கேள்விகள் வந்துவிடும். "இனிமே இங்கிலீஷ் எதுக்கு சார், போனே எல்லாத்தையும் மொழிபெயர்த்துடுதே?" என்பார் ஒருவர். "அடுத்து சீனாக்காரன் மொழிதானாமே?" என்பார் இன்னொருவர். பள்ளிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் கேள்விகள் கூடும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: உலகத்தில் எத்தனை பேருக்கு ஆங்கிலம் தெரியும்?

சுமார் 150 கோடி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 40 கோடிக்குள்தான். மிச்சப் பேர் எல்லாம் நம்மைப் போலப் பள்ளியிலோ வேலையிலோ கற்றுக்கொண்டவர்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

"தெரியும்" என்ற சொல்லில்தான் சிக்கல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலம் தாய்மொழி என்று சொன்ன இந்தியர்கள் சுமார் 2.6 லட்சம் பேர். இரண்டாவது, மூன்றாவது மொழியாகச் சொன்னவர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 12.9 கோடி, அதாவது பத்தில் ஒருவர். கணக்கெடுக்க வருபவர் பரீட்சை வைப்பதில்லை, சொன்னதை எழுதிக்கொண்டு போய்விடுவார். நாளிதழ் படிப்பவரும் அதில் இருக்கிறார், விண்ணப்பத்தில் பெயர் எழுதத் தெரிந்தவரும் இருக்கிறார். "நமக்கு இங்கிலீஷ் வராதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே "ரீசார்ஜ் போட்டேன், பேலன்ஸ் ஏறல" என்பவரை எந்தக் கட்டத்தில் அடைப்பது?

கேள்வி: எளிமையான மொழி என்பதால்தானே பரவியது?

ஓ-யு-ஜி-எச் என்ற நான்கு எழுத்தும் சேர்ந்து வந்தால் ஒரு சொல்லில் 'டஃப்', இன்னொன்றில் 'தோ', வேறொன்றில் 'த்ரூ', மற்றொன்றில் 'காஃப்'. இதை எளிமை என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிரிக்கும். கப்பலும் பீரங்கியும் கணக்குப் புத்தகமும் போன இடமெல்லாம் அந்த மொழியும் போனது, அவ்வளவுதான்.

அப்போதும்கூட 1900-இல் ஆங்கிலம் உலகமொழி ஆகியிருக்கவில்லை. ஐன்ஸ்டைன் 1905-இல் தன் புகழ்பெற்ற கட்டுரைகளை ஜெர்மனில் எழுதினார். வேதியியல் படிக்க வேண்டுமானால் ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். நாடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள பிரெஞ்சு. 1919-இல் ஜெர்மனியோடு போரை முடித்துச் செய்த வெர்சாய் ஒப்பந்தம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சம மதிப்போடு எழுதப்பட்டதுதான் அந்தப் பழக்கத்தில் விழுந்த முதல் பெரிய கீறல். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் விஞ்ஞானிகளைச் சர்வதேசச் சபைகளில் சில ஆண்டுகள் சேர்க்காமல் ஒதுக்கினார்கள். அப்புறம் ஹிட்லர் வந்து, இருந்த நல்ல தலைகளில் பலவற்றை அமெரிக்காவுக்கு விரட்டினார். 1945-இல் பணமும் ஆய்வுக்கூடமும் சேதமில்லாமல் மிச்சமிருந்த பெரிய நாடு அமெரிக்காதான். ஒரு சாம்ராஜ்யம் இறங்க, அடுத்து ஏறிய வல்லரசும் அதே மொழியைப் பேசியது. இப்படி ஒரு ஜாதகம் வேறு மொழிக்கு அமையவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அந்த அமெரிக்காவுக்கே நாடு முழுவதற்குமான ஆட்சிமொழி என்று ஒன்று இருந்ததில்லை. 2025 மார்ச்சில்தான் குடியரசுத் தலைவர் உத்தரவு ஒன்று ஆங்கிலத்தை அப்படி அறிவித்தது.

கேள்வி: லத்தீன் செத்துப்போனது போல ஆங்கிலமும் ஒருநாள் போய்விடுமா?

போகலாம். ஆனால் லத்தீன் எவ்வளவு நிதானமாகப் போனது என்பதையும் பாருங்கள். ரோமப் பேரரசு மேற்கில் விழுந்தது ஐந்தாம் நூற்றாண்டில். அதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து, 1687-இல், நியூட்டன் தன் இயக்க விதிகளை லத்தீனில்தான் வெளியிட்டார். 1704-இல் ஒளியைப் பற்றி எழுதியபோதுதான் ஆங்கிலத்துக்கு வந்தார். தாவரவியல்காரர்கள் இன்னும் மோசம். புதிதாக ஒரு செடியைக் கண்டுபிடித்தால் அதன் விவரணையை லத்தீனில் எழுதினால்தான் பெயர் செல்லும் என்ற விதி 2011 வரை இருந்தது. 2012 ஜனவரி 1 முதல்தான் லத்தீன் அல்லது ஆங்கிலம் என்று தளர்த்தினார்கள். கொடைக்கானல் மலையில் புல் ஒன்றைக் கண்டுபிடித்தவரும் அதுவரை நாலு வரி லத்தீன் எழுதியே ஆக வேண்டும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள். தாசில்தார் இருப்பார். வரி வசூல், பாக்கி, ரசீது, நகல், வாரிசுச் சான்றிதழ், ஆண்டுக்கு ஒருமுறை ஜமாபந்தி. பக்கத்துக் கட்டிடத்தில் வக்கீல், ஜாமீன், ஜப்தி. வரி, சான்றிதழ் போன்ற ஒன்றிரண்டைத் தவிர இந்தச் சொற்கள் பாரசீகத்தோடும் அரபியோடும் வந்தவை. முகலாயரும் ஆற்காட்டு நவாபுகளும் நிர்வாகம் நடத்திய மொழி பாரசீகம். கம்பெனிக்காரர்களும் ஆரம்பத்தில் அதையே வைத்துக்கொண்டு, 1837-இல்தான் சட்டம் போட்டு அகற்றினார்கள். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு ஆகிறது. பாரசீகத்தில் ஒரு வாக்கியம்கூடத் தெரியாத நாம் இன்றைக்கும் வாரிசுச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்கிறோம். 'நகல்' தமிழ்ச் சொல் இல்லை என்று சொன்னால் நம்ப மறுத்துச் சண்டைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் என் கணிப்பு இதுதான். ஆங்கிலத்தின் மவுசு குறையலாம், ஆனால் அலுவலகத்தை விட்டு அது லேசில் எழுந்து போகாது. உட்கார்ந்த நாற்காலியை மொழிகள் சுலபத்தில் விடுவதில்லை.

கேள்வி: சட்டம் போட்டு எடுத்துவிட முடியாதா?

முயன்று பார்த்தாயிற்று. ஆங்கிலம் 15 ஆண்டுதான் என்று இந்திய அரசியலமைப்பு கெடு வைத்தது. கெடு முடியும் நாள் 1965 ஜனவரி 26. அந்த வாரம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பதை வீட்டில் வயதானவர்களைக் கேளுங்கள். இந்தி பேசாத மாநிலங்கள் ஒப்புக்கொள்ளும்வரை ஆங்கிலமும் தொடரும் என்று 1967-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. இலங்கையில் 1956-இல் ஆங்கிலத்தை இறக்கிவிட்டுச் சிங்களத்தை மட்டும் ஏற்றினார்கள். அதன் விலையை அந்த நாடு எப்படிக் கொடுத்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. 1987-இல் 13-ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை 'இணைப்பு மொழி' என்று திரும்பக் கூட்டிவந்தது.

இரண்டு இடத்திலும் ஆங்கிலத்தை நிறுத்தி வைத்தது ஆங்கிலத்தின் மீதான காதல் இல்லை. "அவன் மொழி வேண்டாம், என் மொழி வேண்டாம், மூன்றாவது ஆள் மொழி இருக்கட்டும்" என்ற பங்காளிச் சண்டைக் கணக்குதான். நைஜீரியா முதல் சிங்கப்பூர் வரை இதே கதை. இப்படி ஒரு வேலை இருக்கும்வரை அதை வெளியேற்றுவது கஷ்டம்.

நீதிமன்றம் தனிக் கதை. அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவுப்படி உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் ஆங்கிலம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு உயர் நீதிமன்றங்களில் இந்திக்கும் அனுமதி உண்டு. தமிழை அனுமதிக்கக் கோரி நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. இன்னும் நடக்கவில்லை. தன் வழக்கில் என்ன வாதாடினார்கள் என்பதே புரியாமல் கூண்டருகே நிற்பவரைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும்.

கேள்வி: அடுத்தது சீன மொழியா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாண்டரின் பேசுபவர்கள் நூறு கோடிக்கு மேல். ஆனால் பெரும்பாலோர் சீனாவுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஒரு மொழி உலகமொழி ஆவதற்கு அதன் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்பது பெரிய விஷயமில்லை, மற்றவர்கள் அதைத் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா என்பதே கேள்வி. ஒரு பிரேசில்காரரும் ஒரு வியட்நாம்காரரும் காப்பி விலை பேச மாண்டரினைத் தேடிப் போவதில்லை. ஆயிரக்கணக்கான எழுத்துகளைக் கற்ற பிறகுதான் நாளிதழ் படிக்க முடியும் என்பது இன்னொரு மதில்.

சீனாவே என்ன செய்தது? 2001-இல் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று கொள்கை வகுத்தது. 2021-இல் காற்று மாறியது. தனியார் டியூஷன்களுக்குக் கடிவாளம் போட்டார்கள், ஷாங்காய் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்துக்கு இறுதித் தேர்வு கிடையாது என்றார்கள். ஆனாலும் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் போகவில்லை.

சீனா வளைத்து வைத்திருக்கும் இடங்களும் உண்டு. சீனாவும் ரஷ்யாவும் மத்திய ஆசிய நாடுகளும் சேர்ந்து நடத்தும் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பில் ஆட்சிமொழிகள் ரஷ்யனும் சீனமும்தான். 2017-இல் சேர்ந்த இந்தியா, ஆங்கிலத்தையும் சேருங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வழிபோட்ட மெக்காலே இதைக் கேட்டிருந்தால் மீசையை முறுக்கியிருப்பார்.

கேள்வி: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு அங்கே ஆங்கிலம் போயிற்றா?

போகவில்லை. 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் வெளியேறியது. அயர்லாந்து தன் மொழியாக ஐரிஷையும் மால்டா மால்டீஸையும் பதிந்து வைத்திருப்பதால், ஆங்கிலத்தைத் தன் மொழி என்று கோரி நிற்கும் நாடே அங்கில்லை. இருந்தும் 24 ஆட்சிமொழிகளில் ஒன்றாக அது நீடிக்கிறது. நடைமுறையில் அதிகம் புழங்குவதும் அதுதான். வீட்டுக்காரர் காலி செய்துவிட்டார், குடித்தனக்காரர்கள் அப்படியே இருக்கிறார்கள்.

கேள்வி: ஆப்பிரிக்காவில் என்ன நடக்கிறது?

எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் அதுதான். மக்கள்தொகை வேகமாக ஏறுவதும், இளைஞர்கள் குவிந்திருப்பதும் அங்கேதான். ருவாண்டா 2008-இல் பள்ளிப் பயிற்றுமொழியைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியது. அடுத்த ஆண்டே, ஒருநாளும் பிரிட்டனின் காலனியாக இல்லாத அந்த நாடு காமன்வெல்த்தில் சேர்ந்தது. 2022-இல் காபோனும் டோகோவும் சேர்ந்தன, இரண்டும் பிரான்ஸ் ஆண்ட நாடுகள். அதே 2022-இல் அல்ஜீரியா தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தது. மாலி 2023-இல் புதிய அரசியலமைப்பில் பிரெஞ்சை ஆட்சிமொழி இடத்திலிருந்து இறக்கியது.

பிரான்ஸ் மீதிருக்கும் கோபத்தின் வரவு முழுவதும் ஆங்கிலத்தின் கணக்கில் ஏறுகிறது என்று சொல்லிவிட முடியாது. மாலியில் ஏறியவை உள்ளூர் மொழிகள். ருவாண்டாவில் ஆசிரியர்களே ஆங்கிலம் படித்துக்கொண்டு, அதே கையோடு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டிய நிலை வந்தது. அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை எந்த மாநாட்டுத் தீர்மானமும் எழுதாது.

கேள்வி: ஆளுக்கொரு ஆங்கிலம் பேசினால், அது பல மொழிகளாக உடைந்துவிடாதா?

பேச்சில் ஏற்கெனவே உடைந்துவிட்டது. நைஜீரியாவில் உள்ளூர் மொழிகளோடு கலந்து பேசும் ஆங்கிலமான பிட்ஜினில் பிபிசி 2017-இல் தனிச் சேவையே தொடங்கியது. சிங்கப்பூர்க்காரர்கள் 'லா' போட்டுப் பேசும் சிங்கிலிஷைத் திருத்த அரசு 2000-இல் ஓர் இயக்கம் ஆரம்பித்தது. சிங்கிலிஷ் நன்றாகத்தான் இருக்கிறது. கூட்டத்தை முன்னுக்கு நகர்த்துவதற்கு நாம் சொல்லும் 'ப்ரீபோன்' லண்டன்காரருக்கு முதலில் புரியாது, ஆனால் இப்போது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது. நம்ம 'ஐயோ'வும் 2016-இல் உள்ளே போய்விட்டது. கட்டுமரமும் மிளகுத் தண்ணீரும் முன்பே போனவை.

எழுத்தில் உடையவில்லை. ஒப்பந்தம், ஆய்வுக் கட்டுரை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள், மென்பொருள் குறிப்பு எல்லாம் எங்கே எழுதினாலும் ஏறக்குறைய ஒரே ஆங்கிலம். நமக்கு இது புதிதா என்ன? நாகர்கோவில் பேச்சும் கோவைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் வேறு வேறு. எழுத உட்கார்ந்தால் எல்லாரும் ஒரே தமிழுக்கு வந்துவிடுகிறோம். ஆங்கிலமும் இந்த இரட்டை வழக்குக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

கேள்வி: தப்பும் தவறுமாகப் பேசினால் ஆபத்தான இடங்களில் என்ன செய்கிறார்கள்?

விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். டச்சு விமானி வானொலியில் "நாங்கள் இப்போது டேக்-ஆஃபில்" என்பது போல ஒரு வாக்கியம் சொன்னார். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பது அவர் கருத்து. கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொண்டது. அதன்பின் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, அனுமதி கொடுக்கும்போதும் அதைத் திருப்பிச் சொல்லும்போதும் தவிர வேறெங்கும் உச்சரிக்கக் கூடாது என்றாயிற்று. மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்'. 1996 நவம்பரில் ஹரியானாவின் சர்கி தாத்ரி வானத்தில் சவுதி, கஜகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் இறந்தபோதும் விமானிகளின் ஆங்கிலம் பேசுபொருளானது.

2008 முதல் சர்வதேச விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத்தில் ஆறு படிகள். நான்காம் படியாவது எட்ட வேண்டும். மூன்றை 'ட்ரீ' என்றும் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்லச் சொல்கிறார்கள், இரைச்சலில் குழம்பாமல் இருக்க. லண்டனில் பிறந்தவரும் இப்படித்தான் சொல்ல வேண்டும். இந்த ஆங்கிலம் யாருக்கும் தாய்மொழி இல்லை.

கேள்வி: அப்படியானால் நாம் யாருடைய ஆங்கிலத்தைக் கற்பது?

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மொழி உதவிக்காகப் போயிருந்தேன். மேற்பார்வையாளர் கொரியர். ஷிஃப்ட் பொறுப்பாளர் வாலாஜாபாத்துக்காரர். இருவரும் ஒரு வால்வைக் கையில் வைத்துக்கொண்டு, "திஸ் நோ குட். டுமாரோ சேஞ்ச்." "டுமாரோ நோ ஸ்டாக் சார். ஃப்ரைடே." "ஃப்ரைடே ஓகே." ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்தது. அப்புறம் ஸ்பீக்கரில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் வந்தார். ஏதோ கேட்டதற்கு, "லெட்ஸ் ப்ளே இட் பை இயர்" என்றார். பொறுத்துப் பார்த்து முடிவு செய்வோம் என்று அர்த்தம். கொரியர் என்னைப் பார்த்தார். ஷிஃப்ட் பொறுப்பாளர் என் காதோரம் குனிந்து, "காதுக்கும் வால்வுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்றார். அந்த அறையில் ஆங்கிலத்தால் தொல்லை கொடுத்தவர் ஆங்கிலேயர் ஒருவர்தான்.

ஆகவே, யாருக்கும் புரிகிற ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். சின்ன வாக்கியம், தெளிவான எண்கள், புரியாவிட்டால் கூச்சப்படாமல் திருப்பிக் கேட்பது. உச்சரிப்பை அமெரிக்கர் போல முறுக்கத் தேவையில்லை.

கேள்வி: இனிமேல் போனே மொழிபெயர்த்துவிடும். பிறகு எதற்குக் கற்க வேண்டும்?

என் வயிற்றில் அடிக்கும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் மாத்திரை அட்டையில் இருந்த "வெறும் வயிற்றில் சாப்பிடவும்" என்று பொருள்படும் ஆங்கிலக் குறிப்பை இயந்திரம் "வெறும் வயிற்றை எடுக்கவும்" என்று தரும், நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். 2016-க்குப் பிறகு, ஏராளமான வாக்கியங்களைப் பார்த்து இயந்திரம் தானே கற்றுக்கொள்ளும் நரம்பு வலை முறை வந்தது, சிரிப்பு அடங்கியது. இப்போது எனக்கு வரும் வேலைகளில் பாதி மொழிபெயர்ப்பே இல்லை. இயந்திரம் செய்ததைச் சரிபார்க்கும் வேலை. கூலியும் பாதி.

சரி, எங்கே இடறுகிறது? தவணைக் கடன் தரும் நிறுவனம் ஒன்றின் குறுஞ்செய்திகள் என்னிடம் சரிபார்ப்புக்கு வந்தன. ஏற்கெனவே ஒரு சுற்று வாடிக்கையாளர்களுக்குப் போயும்விட்டது. "உன் தவணையை நீ இன்னும் கட்டவில்லை." ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. இயந்திரத்துக்கு அது 'நீ' ஆகிவிட்டது. அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் போன் போட்டு, "கட்டுறேன்யா, அதுக்கு நீ வா போன்னு பேசுவியா?" என்று பொரிந்து தள்ளினாராம். 'அங்கிள்' என்ற ஒரு சொல்லைக் கொடுத்தால் அது மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கே போன் செய்து கேட்டால்தான் தெரியும்.

இது ஆங்கிலத்தின் எதிர்காலத்தை இப்படித் தொடுகிறது என்று நினைக்கிறேன். கடிதம், மின்னஞ்சல், விண்ணப்பம் எழுதும் ஆங்கிலத்தின் விலை விழும். எல்லாருடைய மின்னஞ்சலும் இப்போதே ஒரே மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. யார் எழுதியது என்று தெரியாதபோது, ஆளை நேரில் உட்காரவைத்துப் பேசிப் பார்ப்பார்கள். பேசும் ஆங்கிலத்தின் விலை ஏறும். 'நடுத்தர ஆங்கிலம்' ஒன்றை வைத்து அலுவலக வேலை பிடித்த ஒரு தலைமுறை உண்டு. மனு எழுதுவார்கள், கடிதத்துக்குப் பதில் போடுவார்கள், அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தக் கதவுதான் முதலில் மூடுகிறது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக்கு எல்லா மொழியும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. இணையத்தில் உள்ளதில் பாதிக்குப் பாதி ஆங்கிலம், அதைத் தின்று வளர்ந்தவை இந்த இயந்திரங்கள். எழுத்தைச் சேமிக்கும் முறையிலேயே வித்தியாசம் இருக்கிறது. 'ஹலோ' என்பதற்கு ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து, கணினியின் சேமிப்பு அளவில் ஐந்து பைட். 'வணக்கம்' என்பதற்கு, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் புள்ளிகளையும் சேர்த்துக் குறிகள் ஏழு, அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 21. இயந்திரம் சொற்களைத் துண்டு துண்டாக நறுக்கும்போதும் ஒரே விஷயத்துக்குத் தமிழ் அதிகத் துண்டுகளாகிறது. துண்டுக் கணக்கில் காசு வாங்கும் சேவைகளில் தமிழில் கேட்டால் பில் கூடும். அரசு பேருந்தில் தமிழுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டது போல.

கேள்வி: பிள்ளையைத் தமிழ் வழியில் சேர்ப்பதா, ஆங்கில வழியிலா?

பக்கத்து வீட்டுப் பெண் ஏழாம் வகுப்பு, ஆங்கில வழி. 'ஃபோட்டோசிந்தசிஸ்' வரையறையை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். "செடியை அலமாரிக்குள் பூட்டி வைத்தால் என்ன ஆகும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மௌனம். தமிழில் கேட்டேன். "வெயில் இல்லாட்டி அதுக்குச் சோறு ஏது, வாடிடும்" என்றாள். விஷயம் தெரிந்திருக்கிறது. பாடமும் விஷயமும் வேறு வேறு அறையில் இருக்கின்றன.

தாய்மொழியில் தொடங்குவதே நல்லது என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. மலேசியா 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, 2009-இல் வேண்டாமென்று முடிவெடுத்தது. ஆனால் பெற்றோரை முட்டாள் என்று சொல்ல நான் தயாரில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலேயே 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டன. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழில் தொடங்கியபோது, "வேலை கொடுப்பவன் எந்த மொழியில் கேள்வி கேட்பான்?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

என்னைக் கேட்டால்: ஐந்தாம் வகுப்பு வரை யோசிக்கும் மொழி தமிழாக இருக்கட்டும், ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் பேசவைத்துக் கற்பிக்கட்டும். அப்படிக் கற்பிக்கும் பள்ளி உங்கள் ஊரில் இல்லையென்றால், இருப்பதில் சேர்த்துவிட்டு வீட்டில் பாடத்தைத் தமிழில் பேசுங்கள்.

கேள்வி: ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் போதுமா?

சாப்பாட்டுக்கு உப்பு மாதிரி. இல்லாமல் சாப்பிட முடியாது, உப்பை மட்டும் வைத்துப் பந்தி போடவும் முடியாது. சென்னை நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படிக்க வருபவர்களில் நர்சிங் முடித்தவர்கள் உண்டு. ஜெர்மன் மருத்துவமனையில் ஆங்கிலம் செல்லாது, நோயாளி வலியை ஜெர்மனில்தான் சொல்வார். மொழித் தேர்வின் ஆறு படிகளில் நான்காவதான பி2 வரை போக வேண்டியிருக்கிறது. ஜப்பான் 2019-இல் தொடங்கிய திறன் தொழிலாளர் விசாவுக்கும் ஜப்பானியத் தேர்வு உண்டு. முதியவர்கள் பெருகிவரும் நாடுகள் தங்கள் மொழி தெரிந்த ஆளைக் கேட்கின்றன. எல்லாரிடமும் ஆங்கிலம் இருக்கும் வரிசையில், கூட இன்னொரு மொழி வைத்திருப்பவர் முன்னால் போவார்.

கேள்வி: ஆங்கிலத்தால் தமிழ் அழிந்துவிடுமா?

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தமிழ் ஆட்சிமொழி, ரூபாய் நோட்டு போல அவர்கள் வெள்ளித் தாளிலும் தமிழ் உண்டு, பள்ளியில் பாடமாக இருக்கிறது. 2010-இல் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 3.3 சதவீதம். 2020-இல் 2.5. அதே பத்தாண்டில் வீட்டில் ஆங்கிலம் 32.3-லிருந்து 48.3-க்கு ஏறியது. சட்டத்தில் இடம் இருந்தும் அடுப்படியில் இடம் சுருங்குகிறது.

தமிழ்நாட்டில் அந்த நிலை இல்லை, ஆறு கோடிக்கு மேல் பேசுகிறோம். நான் கவனிப்பது வேறொன்று. இருபது வயதுப் பிள்ளைகள் சண்டையையும் சமாதானத்தையும் தமிழில் பேசுகிறார்கள், படிப்பையும் பணத்தையும் பற்றிப் பேச வாயெடுத்தால் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். சொல் கலப்பதில் எனக்குக் கவலையில்லை. 'நகல்' கலந்த மொழிதானே.

கேள்வி: ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் காசு கட்டலாமா?

வகுப்பில் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் என்றால், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் உங்கள் பங்கு ஒன்றரை நிமிடம். முப்பது நாளில் சரளம் என்று போஸ்டர் இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் லாரி புக்கிங் அலுவலகத்தில் இருக்கிறார். இரவு கடை சாத்தியதும், அன்று நடந்ததை ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் தன் போனில் பேசிப் பதிவு செய்வார், மறுநாள் காலை டீ குடிக்கும்போது கேட்பார். "நேத்து நான் பேசினதே எனக்குப் புரியலை" என்று முதல் வாரம் சிரித்தார். ஆறு மாதம் விடவில்லை. இப்போது விசாகப்பட்டினத்திலிருந்து வரும் போன்களை அந்த அலுவலகத்தில் அவர்தான் எடுக்கிறார்.